முதல் வெட்டுப் புல்

மாடு புல்தரைக்கு நடுவில் கிடந்தது. நாங்கள் நாலு பேர் ஓரமாக நின்று புல்லைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

சத்தியமா சார். மாட்டைப் பற்றி இல்லை, புல்லைப் பற்றி. வயிறு உப்பி, வாயில் நுரை தள்ளி, காலை விறைத்து நீட்டிக்கொண்டு ஒரு ஜெர்சி மாடு கிடக்கிறது. பெத்தண்ணன் மேஸ்திரி சொல்கிறார், "யாரும் உள்ள கால வைக்காதீங்க, வேரு இன்னும் புடிக்கல." வாட்ச்மேன் கேட்கிறார், "கயிறு கட்டி இழுத்தா என்ன?" "இழுத்தா தோலு மாதிரி உரிஞ்சி வந்துரும்யா." "மாட்டுத் தோலா?" "புல்லுய்யா, வெங்காயம்!" சமையல்கார அண்ணன் தோசைக்கரண்டியோடு நின்று சிரித்தார். நாலாவது ஆள் நான். நான் சிரிக்கவில்லை. ஆனால் உள்ளேயும் போகவில்லை.

அப்புறம் மாட்டுக்காரர் ஓடி வந்தார். சிலம்பாயி அத்தை. முந்தானை ஒரு பக்கம், முடி ஒரு பக்கம். கேட்டிலிருந்து ஓடி வந்தவர் புல் தொடங்குகிற இடத்தில் டக்கென்று நின்றுவிட்டார். நின்று, பங்களா வராந்தாவில் இருந்த முதலாளி மேடத்தின் முகத்தைப் பார்த்தார். தன் மாடு சாகக் கிடக்கிறது. இந்தப் புல்லை மிதிக்கலாமா கூடாதா என்று ஒருத்தி அனுமதிக்குக் காத்து நிற்கிறாள். எனக்கு அதுதான் இன்னும் குமட்டுகிறது. மாடு செத்ததுகூட அப்புறம்.

நீங்கள் புல்லைப் பற்றிக் கேட்க வந்தீர்கள். நான் மாட்டைப் பற்றிச் சொல்கிறேன். ரெண்டும் ஒரே கதைதான், உட்காருங்க. அந்த ஸ்டூல் ஆடும், சுவரோடு சாய்த்துப் போட்டுக்கொள்ளுங்க. அம்மா தேயிலைக் கொழுந்து எடுக்கப் போயிருக்கிறது, டீ எல்லாம் எதிர்பார்க்காதீங்க. கொஞ்சம் மெதுவாகவும் பேசுங்க. இது எஸ்டேட் லைன் வீடு. பக்கத்து வீடு சிலம்பாயி அத்தையுடையது, நடுவில் இருப்பது வெறும் தகரம்.

குன்னூர் ரிசார்ட்டில் ஐம்பது சென்ட் புல்தரை போட வேண்டும், கோத்தகிரி பங்களாவில் கப் வாங்கின லானை விதைத்த பையன் நான்தான் என்று யாரோ சொன்னார்கள், அதனால் தேடி வந்தீர்கள். சரிதானே? மேனேஜர் ஒருத்தர் ஜீப் வைத்துக்கொண்டு என்னைத் தேடி வருகிறார். பதினொன்றாவது பாதியில் நின்றவன் நான். கெமிஸ்ட்ரி சார் ஒருநாள், "நீயெல்லாம் புல்லு புடுங்கத்தான் போற" என்றார். பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். புல் பிடுங்கத்தான் போனேன். அவரை விடுங்க.

இங்கே ஒரு வழக்கம் உங்களுக்கும் தெரிந்திருக்கும். மே மாதம் பூக்காட்சி. அதற்கு முன்னால் ஏப்ரல் கடைசியில் தோட்டப் போட்டி. வீட்டுத் தோட்டம், பங்களாத் தோட்டம் என்று நடுவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். கப் தருவார்கள். வெள்ளி மாதிரி இருக்கும், வெள்ளி இல்லை. அந்தக் கப்புக்காகப் பெரிய மனுஷர்கள் பண்ணுகிற வேலையைப் பார்த்தால் நீங்கள் சோறு சாப்பிட மாட்டீர்கள்.

எங்கள் வசுமதி மேடத்துக்கு அந்தக் கப் வேண்டும். மேட்டு பங்களாக்காரர்கள் நாலு வருஷமாக வாங்குகிறார்களாம். கோயம்புத்தூரில் மில், இங்கே பங்களா, பங்களாவில் ஹோம்ஸ்டே, இவ்வளவு இருந்தும் ராத்திரி தூக்கம் வராதது கப்பால்தான். சரி, போட்டி போடு. இருக்கிற புல்லை வைத்துப் போட்டால் என்ன? முடியாதாம். இருக்கிற புல் தடிப்புல்லாம். இந்த மலையில் தானாக மண்டுகிற புல், மாடு உசிரை விட்டுத் தின்கிற புல், அது "ரஃப்பா" இருக்கிறதாம். கால் வைத்தால் பட்டு மாதிரி இருக்க வேண்டுமாம். யார் கால் வைக்கப் போகிறார்கள்? யாரும் வைக்கக் கூடாது. ஆனால் வைத்தால் பட்டு மாதிரி இருக்க வேண்டும்.

மேடம் போனில் ஒரு வெள்ளைக்காரரின் வீடியோ பார்ப்பார். அரைக்கால் டவுசர், தொப்பி. சிரித்துக்கொண்டே புல் விதைப்பார். அவர் ஊரில் வசந்தம் வந்த பிறகுதான் விதைக்க வேண்டும், மண் சூடாக வேண்டும், மார்ச் கடைசிக்கு முன்னால் விதையைத் தொடாதே என்று சொல்கிறார். மேடம் அதைக் குறித்து வைத்துக்கொண்டார்.

மேஸ்திரி சொன்னார், "மேடம், நம்ம பக்கம் தை மாசத்தோட பனி விட்டுரும். மாசி பொறந்ததும் விதைச்சாத்தான் போட்டிக்குள்ள ரெண்டு மூணு வெட்டு வெட்டலாம். அப்பத்தான் புல்லு அடர்த்தியா வரும்."

"அவர் முப்பது வருஷமா இதே வேலையா இருக்கார் மேஸ்திரி."

"சரி மேடம்" என்றார் மேஸ்திரி. அப்புறம் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வந்து என்னிடம் சொன்னார், "நான் இருபத்தாறு வருஷமா என்ன மயிரு புடுங்கிட்டா இருக்கேன்?" என்னிடம் சொல்லி என்ன? அங்கே சொல்ல வேண்டியதுதானே. எனக்கு இந்தப் பழக்கம் பிடிக்கவே பிடிக்காது. மூஞ்சிக்கு நேராகச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் சொல்லவே கூடாது.

மாசி முழுக்கத் தோண்டினோம். அந்தத் தடிப்புல் இருக்கிறதே, ஒரு வேரைப் பிடித்து இழுத்தால் கயிறு மாதிரி கேட்டு வரைக்கும் வரும். தோண்டி, உதறி, கல் பொறுக்கி, மண்ணைச் சலித்து, அதில் இலைமக்கும் மக்கின சாணமும் கலந்து, மட்டம் பார்த்து. முதுகு உடைந்துவிட்டது. முடித்துவிட்டு என்ன செய்தோம் தெரியுமா? உட்கார்ந்திருந்தோம். ரெண்டு வாரம். மொட்டை மண்ணை வைத்துக்கொண்டு வசந்தத்துக்குக் காத்திருந்தோம். இந்த மலையில் வசந்தம் எங்கே இருக்கிறது? பனி இருக்கிறது, வெயில் இருக்கிறது, மழை இருக்கிறது. நடுவில் டூரிஸ்ட்டு இருக்கிறான். அவ்வளவுதான்.

இந்த இடத்தில் அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பங்களாவில் புல் வெட்டினால், வெட்டினது சிலம்பாயி அத்தை மாட்டுக்கு. யாரும் எழுதி வைத்ததில்லை, அப்படித்தான். கேட்டுக்கு வெளியே மதிலோரம் குவித்து வைத்துவிடுவோம். அத்தை சாக்கோடு வந்து அள்ளிக்கொண்டு போவார். பதிலுக்கு ரோஜாப் பாத்திக்கு ரெண்டு கூடை சாணி. சில நாள் அத்தை வருவதற்கு முன்னாடியே மாடு வந்து நின்று தின்னும். பவுனு என்று பெயர். ஒரு கொம்பு கீழே வளைந்திருக்கும். அத்தைக்குப் புருஷன் இல்லை. மகள் ஈரோட்டில் நர்சிங் படிக்கிறாள். பவுனு கறக்கிற பாலில்தான் அந்த வீட்டு அடுப்பும் எரிகிறது, அவள் ஹாஸ்டலும் ஓடுகிறது. இந்த லைனில் எல்லாருக்கும் தெரியும்.

புல்லைத் தோண்டிப் போட்டதும் பவுனுக்குத் தீனி போச்சு. அத்தை காட்டெருமை திரிகிற சரிவில் இறங்கிப் புல் அறுத்தார். ஒருநாள் காலெல்லாம் அட்டைக்கடி. "ஏன் அத்தே, பங்களாவில் போய்க் கேக்கலாம்ல, எங்க புல்லு எங்கேன்னு?" என்றேன். "அவங்க எடம், அவங்க தோண்டறாங்க. போட்டி முடிஞ்சா திரும்ப வெட்டத்தான போறீங்க" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவ்வளவு பொறுமை ஒரு ஆளுக்கு ஆகாது.

மார்ச் கடைசியில் விதைத்தோம். விதை கோயம்புத்தூரிலிருந்து வந்தது. சீரகம் மாதிரி இருக்கும், அதைவிட மெலிசு. ஊதினால் பறக்கும். மணலோடு கலந்து, பாதியை நெட்டுவாக்கில் நடந்து தூவ வேண்டும், மீதியைக் குறுக்குவாக்கில். அப்போதுதான் திட்டு விழாது. கையை வீசாமல் விரலிடுக்கால் விட வேண்டும். மேஸ்திரி தூவினார், திட்டுத் திட்டாக விழுந்தது, அவருக்குக் கை நடுங்கும். நான் வாங்கித் தூவினேன். அதனால்தான் பையன் விதைத்தான் என்று உங்களுக்குச் செய்தி வந்திருக்கிறது. தூவின பிறகு காலில் பலகையைச் செருப்பு மாதிரி கட்டிக்கொண்டு அங்குலம் அங்குலமாக மிதித்தோம். அப்புறம் பூவாளியில் தண்ணீர். பைப்பில் விட்டால் விதை ஓடிவிடும்.

அடுத்தது மைனா. காலை ஆறு மணியிலிருந்து சாயங்காலம் வரைக்கும் தகரத்தைத் தட்டிக்கொண்டு நின்றேன். பதினேழு வயசு. பரீட்சை நேரம் வேறு. என்னோடு படித்தவனுங்க பஸ்ஸில் போகும்போது ஜன்னலில் தலையை நீட்டி, "டேய் நிதர்சன், மைனாவுக்குப் பாடம் எடுக்கிறியா?" என்று கத்துவானுங்க. "ஆமாடா, உன்ன விட நல்லாப் படிக்குது!" என்று நானும் கத்துவேன். கத்திவிட்டு மறுபடியும் தகரம். ச்சீ, என்ன பிழைப்பு.

பத்தாவது நாள் முளைத்தது. பெரிய அதிசயமெல்லாம் இல்லை. மண்ணுக்கு மேலே பச்சையாக ஒரு புகை மாதிரி. நின்று பார்த்தால் தெரியாது, கண்ணைத் தரையோடு வைத்துப் பார்த்தால்தான் தெரியும். அதற்காகக் குப்புறப் படுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு இழையின் நுனியிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்கும். தினமும் படுத்துப் பார்த்தேன். வேலை அது, பார்க்கத்தானே வேண்டும்.

மூணாவது வாரம் மஞ்சளடித்தது. லேட்டாக விதைத்ததன் பலன். போட்டிக்கு ஒரு வாரம்கூட இல்லை, புல் காமாலை வந்த மாதிரி நிற்கிறது. மேடம் வராந்தாவில் நடந்தார். அந்தப் பக்கம், இந்தப் பக்கம். "இந்த வருஷமும் போச்சுன்னா இதெல்லாம் வேணாம் மேஸ்திரி, மொத்தமும் கல்லு பதிச்சிடலாம்" என்றார். கல் பதித்தால் மேஸ்திரிக்கு என்ன வேலை? மனுஷன் வெளிறிப்போய், "யூரியா போட்டா ரெண்டே நாள்ல கறுகறுன்னு வந்துரும் மேடம்" என்றார். மேடம் போடச் சொன்னார். ஒரு கை போட வேண்டிய இடத்தில் மூணு கை போட்டோம். வந்தது. கறுகறு என்று வந்தது. ஆசை விடுமா? நடுவர்கள் வருவதற்கு முந்தின நாள் காலை இன்னொரு தடவை. போட்டவுடனே தண்ணீர் விட்டுக் கரைக்க வேண்டும். அன்றைக்கென்று குழாயில் தண்ணீர் வரவில்லை, தண்ணி லாரியும் வரவில்லை. யூரியா அப்படியே இலை மேலே வெள்ளையாக உட்கார்ந்திருந்தது. யூரியா என்றால் என்ன என்று பாடத்தில் வருமாம். நான் அந்தப் பக்கம் வருவதற்குள் நின்றுவிட்டேன்.

அன்று சாயங்காலம் முதல் வெட்டு. புதுப்புல்லின் முதல் வெட்டு லேசில்லை. மெஷின் கத்தி மழுங்கியிருந்தால் புல் வெட்டுப்படாது, வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். நான் கத்தியை அரை நாள் தீட்டினேன். மேஸ்திரி கயிறு பிடித்தார், நான் தள்ளினேன். ஒரு கோடு வெளிர்ப்பச்சை, ஒரு கோடு கரும்பச்சை. வாரியால் வாரி எடுத்தேன். ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்துவிட்டேன். கை கழுவினால் விரலிடுக்கு எரிந்தது.

மறுநாள் காலை மாடு.

கேட்டு ஓரக் கல்லுக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆள் வருவான் என்று வாட்ச்மேன் விடியும்போதே கேட்டைத் திறந்து வைத்திருந்தார். பவுனை அத்தை அவிழ்த்துவிட்டிருக்கிறார். அது வந்து, உள்ளே நுழைந்து, புல்லுக்கு நடுவில் போய் விழுந்துவிட்டது. புல்லை மேய வந்த மாடு, யூரியாவைத் தின்றுவிட்டது. எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள்.

அத்தை ஓரத்தில் நின்றார் என்று சொன்னேன் இல்லையா? மேடம், "போங்க, போங்க, ஏன் நிக்கறீங்க" என்று கத்தினார். பிறகுதான் போனார். உடனே மேஸ்திரி பலகை கொண்டுவந்து வரிசையாகப் போட ஆரம்பித்தார், எல்லாரும் அதன் மேல் நடக்கட்டும் என்று. மேடம் பலகை போடச் சொல்லவில்லை. சொல்லவில்லை என்றால் என்ன, முகத்தில் இருந்தது. எனக்குத் தெரியும்.

கால்நடை டாக்டரம்மா ஸ்கூட்டரில் வந்தார். சின்ன வயசு. முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ். பலகையைப் பார்த்துவிட்டு, "இது என்ன, ஆத்துப் பாலமா?" என்று கேட்டுவிட்டு, புல்லை மிதித்து நேராக நடந்தார். அந்த பங்களாவில் அன்றைக்கு வந்த ஒரே மனுஷி அவர்தான்.

"யூரியா போட்டீங்களா?"

"நேத்து காலைல" என்றார் மேஸ்திரி.

"வீட்டுல வினிகர் இருக்கா? எவ்வளவு இருந்தாலும் கொண்டாங்க. பச்சத்தண்ணி பக்கெட் பக்கெட்டா வேணும். சீக்கிரம்!"

மேடம்தான் ஓடினார். செருப்பில்லாமல் ஓடினார். படியில் வழுக்கி விழுந்து, முழங்காலெல்லாம் சேறு, அப்படியே எழுந்து வந்து ரெண்டு கேன் வினிகரைக் கொடுத்தார். ஹோம்ஸ்டேக்கு வருகிறவர்கள் சாலட்டில் ஊற்றிக்கொள்ள வாங்கி வைத்தது. கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? மூங்கில் குழாயை வாயில் வைத்து டாக்டரம்மா ஊற்றும்போது மாட்டின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டதும் மேடம்தான். பட்டுப் புடவை இல்லை, ஆனால் நல்ல புடவை. அதில் நுரையெல்லாம் வழிந்தது. போட்டோவுக்கு உட்காருகிற மாதிரி இருந்தது எனக்கு. யாரும் போட்டோ எடுக்கவில்லை. இருந்தாலும் எனக்கு அப்படித்தான் இருந்தது.

நான் தண்ணீர் சுமந்தேன். காலையில்தான் லாரி வந்திருந்தது, பாருங்க. இருபது பக்கெட்டா, முப்பதா, தெரியாது.

டாக்டரம்மா கேட்டார், "எவ்வளவு நேரம் மேஞ்சிருக்கும்?"

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "நேத்து சாயங்காலந்தான் ஒட்ட வெட்டினோம் டாக்டர். வாய்க்கு என்னத்த அகப்பட்டிருக்கும்?"

"நக்கியிருக்கும். உப்புன்னு நெனச்சு நக்கும்."

"ஓ" என்றார் மேஸ்திரி. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் பக்கெட்டைப் பார்த்தேன்.

டாக்டரம்மா இடது விலாவில் ஊசி மாதிரி ஒரு குழாயைக் குத்திக் காற்றை இறக்கினார். புஸ்ஸென்று வந்தது. அந்த நாற்றம் இன்னும் மூக்கில் இருக்கிறது. வயிறு இறங்கியதும் பிழைத்துவிடும் என்று நினைத்தோம். பவுனு தலையை ஒரு தடவை தூக்கியது. அத்தை, "எந்திரிம்மா, எந்திரி, வீட்டுக்குப் போலாம்" என்று பிள்ளையிடம் சொல்கிற மாதிரி சொன்னார். பத்து மணி இருக்கும். அதோடு சரி.

அதற்கப்புறம்தான் சார் கேவலம். அத்தை எழுந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மேடத்தின் முன்னால் போய்க் கையெடுத்துக் கும்பிட்டார்.

"அவுத்து விட்டது என் தப்பு தாயி. காலங்காத்தால பாத்துக்காம விட்டுட்டேன். எவ்வளவு பாடுபட்டு வளத்தீங்க, உங்க புல்லு போச்சே."

மாடு செத்தவள் புல் வைத்திருப்பவளிடம் மன்னிப்புக் கேட்கிறாள். யாராவது தடுத்தார்களா? மேஸ்திரி தடுக்கவில்லை. வாட்ச்மேன் தடுக்கவில்லை. மேடம், "புல்ல விடுங்க. ஐயோ, விடுங்கன்னா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அழுத மாதிரி சத்தம் வந்தது. பணக்காரர்கள் அழுவதற்குக் கதவு இருக்கிறது.

நான் ஏன் தடுக்கவில்லை என்று கேட்கிறீர்களா? வருகிறேன்.

டிராக்டர் உள்ளே வந்து மாட்டைத் தூக்கிப் போனது. மேடமே விடச் சொன்னார். சக்கரத் தடம் ரெண்டு, மாடு கிடந்த பள்ளம் ஒன்று. மேஸ்திரி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். ஆனால் பாருங்க, அன்றைக்கு மத்தியானம் பிடித்த மழை ரெண்டு நாள் விடவில்லை. நடுவர்கள் தேதியைத் தள்ளிப் போட்டார்கள். அந்த ரெண்டு நாளில் மேஸ்திரி சமையல்கட்டுக்குப் பின்னால் இருந்த புதுப்புல்லைத் துண்டு துண்டாக வெட்டி எடுத்து, மாடு கிடந்த இடத்தில் ஒட்டுப் போட்டுவிட்டார். மழைக்கு அது வேர் பிடித்துக்கொண்டது. மழைக்கு வெட்கமே இல்லை. நடுவர்கள் வந்து பார்த்து, ஆகா என்று சொல்லி, புதிய புல்தரைக்கு முதல் பரிசு கொடுத்தார்கள். மேடம் வாங்கப் போகவில்லை, மேஸ்திரியை அனுப்பினார். குற்ற உணர்ச்சியாக இருக்கும். இருக்கட்டும்.

நான் பவுனு செத்த மறுநாளே வேலையை விட்டு நின்றுவிட்டேன். லைன் முழுக்கச் சொன்னேன். "கப்புக்காக யூரியாவைக் கொட்டிப் பவுனைக் கொன்னுட்டாங்க." டீக்கடையில் சொன்னேன். பஸ்ஸில் சொன்னேன். அத்தை மகளுக்குப் போன் போட்டுச் சொன்னேன். மேடம் ஒரு கன்றுக்குட்டி வாங்கித் தருகிறேன் என்று ஆள் அனுப்பினார். அத்தை வேண்டாம் என்றுவிட்டார். "நம்ம மாடு அவங்க வெள்ளாமையில வாயை வெச்சுச்சு. அதுக்கு நான் கன்னு வாங்கிட்டா என்ன பொழப்பு இது?" என்றார். அதனால் மேடம் என்ன செய்தார் தெரியுமா? களை எடுக்க வேலைக்குக் கூப்பிட்டார். அத்தை போகிறார். என் இடத்தில். தினமும் காலையில் போய், பவுனு செத்த அதே புல்லில் உட்கார்ந்து, சின்ன அரிவாளால் களை எடுக்கிறார். சாயங்காலம் வந்து இந்தத் தகரத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறார், "நிதர்சா, நீ வெதச்சது எவ்வளவு அழகா வந்திருக்கு தெரியுமா? ஒரு தரம் வந்து பாரேண்டா. அந்தம்மா மேல உனக்கு இவ்வளவு கோவம் வேணாம். நல்ல மனுசி."

நல்ல மனுசியாம். 

மகளுக்கு இந்த வருஷ ஹாஸ்டல் எப்படி என்று தெரியவில்லை. லீவுக்கு வந்தவள் என்னிடம்தான் கேட்டாள், "உண்மையாவே பவுனு உள்ள போய் மேஞ்சுதா? எங்கம்மா அப்படி விட மாட்டாங்களே. மதிலுக்கு வெளியதான நிக்கும் எப்பவும்?" விவரமான பெண். நான் மேடத்தைத் திட்டிப் பேச்சை மாற்றிவிட்டேன்.

நீங்கள் இப்படிப் பார்க்காதீங்க சார். எல்லாரிடமும் சொல்கிற கதையைத்தான் உங்களிடமும் சொல்லி அனுப்ப இருந்தேன். விதைக்க வர மாட்டேன், புல்லே பிடிக்காது, பெரிய மனுஷங்க சகவாசமே வேண்டாம் என்று. ஆனால் நீங்கள் இந்த ஊர் இல்லை. ஜீப்பை எடுத்துக்கொண்டு போய்விடுவீர்கள். மூஞ்சிக்கு நேராகச் சொல்ல வேண்டும் என்று நான்தான் கொஞ்சம் முன்னால் பேசினேன். அத்தை மூஞ்சிக்குச் சொல்ல முடியவில்லை.

மாட்டின் தலையை மடியில் வைத்துக்கொண்டு மேடம் என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார், "நிதர்சன், நேத்து வெட்டின புல்ல புதைச்சேல்ல?" "புதைச்சேன் மேடம்" என்றேன். பக்கெட்டைக் கீழே வைக்காமலே சொன்னேன். நம்பிவிட்டார். மறுபடியும் கேட்கவே இல்லை. அந்தக் குவியல்தான் மதிலோரத்தில் இல்லையே. ஒரு இழைகூட மிச்சமில்லாமல் பவுனு தின்று முடித்திருந்தது. மூணு மாசப் பசி. தின்று முடித்து, வாசனை பிடித்துக்கொண்டு உள்ளே வந்து விழுந்திருக்கிறது.

முந்தின சாயங்காலம் நான் வாரிக்கொண்டிருந்தபோது மேடம் வராந்தாவிலிருந்து இறங்கி வந்தார். போனில் எதையோ படித்துவிட்டு வந்தார். எனக்கு அந்தப் போனைப் பார்த்தாலே எரியும். "இன்னைக்கு வெட்டின புல்லுல யூரியா ஒட்டியிருக்கு. வெளிய வைக்காத. பின்னாடி ஆழமா குழி தோண்டிப் புதைச்சிடு. கொஞ்சங்கூட மாட்டுக்குப் போகக் கூடாது" என்றார். சரி மேடம் என்றேன். நாலு அடி போனவர் திரும்பி வந்து, "புரிஞ்சுதா?" என்றார். புரிஞ்சுது என்றேன். அவர் போனதும் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? மூணு மாசமாக ஒரு மாட்டின் வாயில் மண்ணைப் போட்டாயிற்று, இப்போது வெட்டிப் போட்ட குப்பையைக்கூடக் கொடுக்க மனசில்லை, என்ன பொம்பளை இவள் என்று தோன்றியது. குவியலில் வெள்ளை வெள்ளையாகக் கிடந்ததை என் கண்ணால் பார்த்தேன். மண்வெட்டியும் பக்கத்தில்தான் சாத்தியிருந்தது. குழி தோண்டவில்லை.